முழுக்க முழுக்க அவரே

நன்றாக வேலை செய்கிற ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து, இது கெட்டுப்போய்விட்டது, கேஸ் போடுங்கள் என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் பிரம்மசக்தியக்காதான். இருபத்திரண்டு வருடமாகத் தூத்துக்குடி நுகர்வோர் ஆணையத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். குளிராத ஃப்ரிட்ஜ், முளைக்காத முடி, பிள்ளைகளை ஆறே மாதத்தில் உயரமாக்கும் சத்துமாவு, மலை ஏறாத ஸ்கூட்டர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. வாங்கியவர்கள் ஓடவில்லை என்பார்கள், விற்றவர்கள் ஓடுகிறது என்பார்கள். இந்த அக்காவோ, ஓடுகிறது, அதுதான் பிரச்சினை என்றாள்.

ஐம்பது வயதிருக்கும். உப்பளத்து வெயிலில் கறுத்த முகம், வெடித்த பாதம். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்ததை மேசையில் வைத்துப் பிரித்தாள். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, முன்பக்கம் சல்லடை போல ஓட்டைகள். 'உடனிரு.'

அந்தப் பெட்டியைத் தெரியாதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? செத்துப்போனவர் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைக் கொடுத்தால் போதும். அதில் ஒட்டியிருக்கும் வாசத்தைக் கம்பெனிக்காரர்கள் படித்து, பெட்டிக்குள் இருக்கும் சிறுசிறு குப்பிகளிலிருந்து அதே வாசத்தைக் கலந்து ஊதும்படி செய்து தருவார்கள். பொத்தானை அழுத்தினால் இறந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஐந்து வருட உத்தரவாதம். பனிமய மாதா திருவிழாப் பொருட்காட்சியில் கடை போட்டு விற்றார்கள். கடையின் நெற்றியில் பெரிய பேனர்: 'முழுக்க முழுக்க அவரே. வேறெதுவும் இல்லை.'

"இது அவிய இல்ல, வக்கீலம்மா" என்றாள்.

"யாரு இல்ல?"

"எங்க வீட்டுக்காரர். லிங்கத்துரை. இதுக்குள்ளதான் மூணு வருசமா இருந்தாவ. போன ஆடியில ஒரு செவ்வாக்கெழம அளத்துலேந்து வந்து மிஷினப் போடுதேன், வேற யாரோ வாராவ. மறுநாளும் வேற ஆளு. இன்னைக்கு வரைக்கும் வேற ஆளுதான்."

நான் பொத்தானை அழுத்தினேன். வியர்வை, கொஞ்சம் புளிப்பு, என்னவென்று சொல்லத் தெரியாத இன்னொன்று. எனக்கென்ன தெரியும், ஓர் ஆம்பளை வாசம் வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சளி, மூக்கடைப்பு ஏதும்..."

"அடுத்த தெருவுல கருவாட்டுக் கொழம்பு வச்சா என்ன கருவாடுன்னு சொல்லிருவேன் நான். மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவளாகவே சொன்னாள். "அளத்துலேந்து வந்து காலக் கழுவிட்டு, பத்து நிமிசம் இது முன்னால ஒக்காருவேன். பேச மாட்டேன், அழ மாட்டேன், சும்மா ஒக்காருவேன். அதுக்குப் பொறவுதான் சோறு எறங்கும். இப்ப எறங்க மாட்டேங்கு. போட்டோ இருக்கு, இல்லங்கல. போட்டோவப் பாத்தா அவிய செத்தது ஞாவகம் வருது. அந்த வாசம் வந்தா செத்ததே மறந்துருது. பழையபடி ஆக்கிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

நஷ்டஈடு கேட்காத கட்சிக்காரரைப் பார்த்தால் வக்கீலுக்குப் பயம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த 'எறங்க மாட்டேங்கு' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. நோட்டீஸ் அனுப்பினேன்.

கம்பெனி, கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பியது. என் அலுவலகத்திலேயே பெட்டியைத் திறந்து, வயர் செருகி, அரைமணி நேரம் பார்த்தான்.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க மேடம். சொல்லப்போனா, முன்னைக்கு இப்பத்தானுங்க ரொம்பச் சுத்தம். போன ஆடியில எல்லாப் பெட்டிக்கும் நெட் வழியா ஒரு புதுப்பிப்பு அனுப்பிச்சோம். துணியில ஒட்டியிருக்கிற கண்ட கண்ட வாசத்தையெல்லாம் வடிகட்டிட்டு, ஆளை மட்டும் தனியா எடுக்கும். இது நூத்துல தொண்ணூத்தொன்பதரை பங்கு உங்க வீட்டுக்காரருங்க, அம்மா."

"அப்போ முந்தி எத்தன பங்கு?" என்று கேட்டாள் அக்கா.

"முந்தி ஒரு அறுவது."

"அந்த அறுவதுதான் எங்க வீட்டுக்காரரு" என்றாள் அவள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்புக்குச் சிவசைலம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், எனக்குப் பதினைந்து வருடம் மூத்தவர். கோர்ட்டுக்குள்ளே என்னைக் கடித்துக் குதறிவிட்டு, வெளியே வந்து பருத்திப்பால் வாங்கித் தருவார்.

முதல் நாளே எழுந்து நின்று சொன்னார்: "ஐயா, ஒரு பொருள் உத்தரவாதத்துல சொன்ன மாதிரி இல்லைன்னா அது குறைபாடு. ஒத்துக்கிடுதேன். விளம்பரத்துல சொன்னது பொய்யின்னா அது தப்பு. அதையும் ஒத்துக்கிடுதேன். இங்கே பொருள் சொன்னபடியே இருக்கு. விளம்பரம் எழுத்துக்கு எழுத்து உண்மையா இருக்கு. வாங்கினவங்களுக்குப் பிடிக்கலை. பிடிக்காம போறதுக்கெல்லாம் சட்டத்துல எங்கே ஐயா பிரிவு இருக்கு?"

ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். அதிகம் பேசாதவர். என்னைப் பார்த்தார். நான், கம்பெனியிடம் சீல் வைத்துப் பத்திரமாக இருக்கும் மூலத்துணியை அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனுக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஜெனோவா, யோசிச்சுக்கோ. ஆய்வுக்குப் போற துணி திரும்பாது. வெட்டிக் கரைச்சுத்தான் பாப்பாங்க."

அவர் வழக்கை இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது ஜெயிக்கும் வெறி. அக்காவிடம் கேட்டேன். லிங்கத்துரைக்கு இருந்தது இரண்டே சட்டை, ஒன்று அவரோடு போய்விட்டது, இது இன்னொன்று. "குடுங்க, மிஷின் சரியானாப் போதும்" என்றாள். மனு ஏற்கப்பட்டது. அது என் வெற்றிதான்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இரண்டுமே என்னை அடித்துப் போட்டன.

முதலாவது, அந்தப் புதுப்பிப்பு ஏன் வந்தது என்பது. அறிக்கையோடு கம்பெனியின் கடிதம் ஒன்று இணைத்திருந்தார்கள். 'விளம்பர வாசகத்தை நீக்க வேண்டும், அல்லது உண்மையாக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு இணங்க' என்று எழுதி, அந்த உத்தரவின் எண்ணையும் போட்டிருந்தார்கள். அந்த எண் எனக்கு மனப்பாடம். அது என் வழக்கு. ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன், 'அப்பா வாசத்தில் பாச்சை உருண்டை நெடி கலந்து வருகிறது, விளம்பரத்தில் வேறெதுவும் இல்லை என்று சொன்னார்களே' என்று வந்தார். நான் விளம்பரக் கண்காணிப்பு ஆணையம் வரை போய் வாதாடி ஜெயித்தேன். பேப்பரில் என் படம் வந்தது. வக்கீல் சங்கத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்பெனிக்கு வாசகத்தை அழிக்க மனமில்லை, அதனால் வாசகத்தை உண்மையாக்கிவிட்டார்கள். ஒரே செவ்வாய்க்கிழமையில், எல்லார் வீட்டிலும்.

அக்காவின் தட்டில் சோறு இறங்காமல் செய்தது நான்தான். அன்று மத்தியானம் எனக்கும் இறங்கவில்லை.

இரண்டாவது விஷயம் அதைவிட மோசம். சட்டையில் இரண்டு பேருடைய வாசம் இருந்திருக்கிறது. அறுபது பங்கு ஓர் ஆண். மீதி நாற்பது, பாச்சை உருண்டையும் இல்லை, சோப்பும் இல்லை. ஒரு பெண். 'நெடுநாள், அடிக்கடி, நெருக்கமாக' என்று எழுதியிருந்தது. புதுப்பிப்பு வடிகட்டி எடுத்துப் போட்டது அவளைத்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாசத்தை அவள் சம்மதமில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்ற அந்தரங்கச் சட்டப்படி, தொண்ணூறு நாளில் அந்தப் பதிவைக் கம்பெனி நிரந்தரமாக அழித்தும்விட்டது.

அண்ணாச்சி பருத்திப்பால் டம்ளரை என்னிடம் நீட்டினார். "நான் கோர்ட்டுல இதப் பேச மாட்டேன். ஆனா அறிக்கை ஃபைல்ல இருக்கு. அந்தம்மா கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"சும்மா இருங்க அண்ணாச்சி."

"நானென்ன பண்ணினேன்? ஆம்பளை சட்டை. பொம்பளை வாசம். ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்லுவான்."

நான்கு நாள் யோசித்தேன். செத்தவரைப் பற்றி இப்படி ஒன்றைச் சொல்வதைவிட வழக்கைத் தோற்றுவிடலாம் போலிருந்தது. ஆனால் அடுத்த விசாரணையில் தலைவர் அறிக்கையைச் சத்தமாகப் படிப்பார். அக்கா அங்கே நின்று கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று, காலை பத்து மணிக்கு உப்பளத்துக்கே போனேன்.

அங்கே கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. பாத்தி பாத்தியாக வெள்ளை. வரப்பில் செருப்பு வழுக்கியது. பெண்கள் வரிசையாகத் தலையில் உப்புக் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களில் அக்கா யார் என்று தேடினேன். தெரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். சேலைக்கு மேலே ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை. கோடு போட்டது, கட்டம் போட்டது, காலர் கிழிந்தது, பாக்கெட்டில் பேனா மசி கசிந்தது. அத்தனையும் ஆம்பளைச் சட்டை.

நான் அந்த வரப்பிலேயே நின்றுவிட்டேன். வெயிலுக்கும் உப்புக்கும் உடம்பை மறைக்கப் புருசன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரியாது, சரி. எனக்கும் அண்ணாச்சிக்கும் எப்படித் தோன்றாமல் போயிற்று?

கூடையை இறக்கிவிட்டு அக்கா வந்தாள். "என்ன வக்கீலம்மா, இந்த வேக்காட்டுல?"

"அக்கா, அந்தச் சட்டைய நீங்க போடுவீங்களா?"

"பின்ன? அவிய விடியக்காலம் போட்டுட்டு வந்து உப்பு வாருவாவ. வெயில் ஏறுனதும் வாருற வேல முடிஞ்சிரும். கழட்டி என்கிட்டத் தருவாவ. நான் போட்டுட்டு சாயந்தரம் வரைக்கும் செமப்பேன். மறுநா காலைல மறுபடி அவிய. சின்னப் பிள்ளைய கை மாத்துறாப்ல மாத்திக்கிடுவோம்."

"தொவைக்க மாட்டீங்களா?"

"குடிக்கவே லாரித் தண்ணி. இதுல தெனமும் சட்ட தொவைக்கவா? வாரத்துக்கு ஒருக்கா, அதுவும் கடத்தண்ணியில ஒரு முக்கு."

நான் சொன்னேன். அறிக்கையில் இருந்ததை, வடிகட்டியதை, அழித்ததை. என் பழைய வழக்கையும் சொன்னேன். மறைத்திருக்கலாம். முடியவில்லை.

அக்கா தன் கையைத் தூக்கிச் சட்டைக் கையின் முனையை முகர்ந்து பார்த்தாள். "அப்போ மூணு வருசமா என்னையும் சேத்தா மோந்துக்கிட்டு இருந்தேன்?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ இப்ப வாறதுதான் அவிய மட்டும். தனியா."

"ஆமாக்கா."

"இருவத்திநாலு வருசம் கூடக் கெடந்தேன், வக்கீலம்மா. அவிய மட்டும்னு எப்பிடி இருப்பாவன்னே எனக்குத் தெரியலையே" என்றவள், வரப்பில் உட்கார்ந்து அழுதாள். என் முன்னால் அவள் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த விசாரணையில் அண்ணாச்சி புதிய ஆயுதத்தோடு வந்தார். பெட்டி வாங்கும்போது நிரப்பிய படிவம். அதில் ஏழாவது கேள்வி: 'இந்த ஆடையை வேறு யாரேனும் அணிந்ததுண்டா?' பதில்: இல்லை. கீழே பிரம்மசக்தி என்று கையெழுத்து.

"தவறான தகவல் தந்தால் உத்தரவாதம் செல்லாதுன்னு அதே பக்கத்துல போட்டிருக்கு, ஐயா. இவங்களே தினமும் போட்டிருக்காங்க. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆமான்னு எழுதியிருந்தா நாங்க அழிச்சிருக்கவே மாட்டோம்."

சட்டப்படி அது சரியான அடி. நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் தலைவர் அக்காவைக் கேட்டார். "ஏம்மா இல்லைன்னு எழுதினீங்க?"

"வேற யாராச்சும் போட்டாவளான்னு கேட்டிருந்தது, ஐயா. வேற யாரும் போடல. நான்தான் போட்டேன்."

"நீங்க வேற ஆள்தானேம்மா?"

அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் எப்பிடி ஐயா வேற ஆளாவேன்?" என்றாள்.

தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அண்ணாச்சி ஏழாவது கேள்வியைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். விற்ற பொருளை வாங்கியவரைக் கேட்காமல் மாற்றியது தவறு, பழையபடி ஆக்கித் தர உத்தரவிட வேண்டும். அண்ணாச்சி, பதிவும் இல்லை, துணியும் இல்லை, எதை வைத்து ஆக்குவது என்றார். துணி இல்லாமல் போனதற்கு யார் மனு போட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. கடைசியில் கம்பெனி தரப்பிலேயே ஒரு யோசனை சொன்னார்கள். லிங்கத்துரையின் வாசம் இருக்கிறது. அக்கா உயிரோடு இருக்கிறாள். ஒரு சட்டையை அவள் ஒரு வாரம் போட்டுக் கொடுத்தால் அவள் வாசத்தை எடுத்து, அறுபதுக்கு நாற்பது என்று கலந்துவிடலாம்.

எனக்கு உயிர் வந்தது. அக்காவும் அந்த வாரம் முழுக்கக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருந்தாள். "சரியாயிருமா?" என்று தினமும் போன் பண்ணிக் கேட்டாள்.

பதினெட்டாம் தேதி ஆணையத்தில் ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னல்களைச் சாத்தினார்கள். பெஞ்சின் முன்னால் ஒரு ஸ்டூலில் பெட்டியை வைத்து இன்ஜினியர் பொத்தானை அழுத்தினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எல்லாருக்கும் வியர்த்து ஒழுகியது.

"இல்ல" என்றாள்.

"கணக்கு எல்லாம் கரெக்டா இருக்குதுங்களே அம்மா" என்றான் அவன், அழாத குறையாக.

"கணக்கு சரியா இருக்கும் தம்பி. அவிய இருக்காவ. பக்கத்துல யாரோ ஒரு வயசான பொம்பள இருக்கா." தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "சக்கரைக்கு மாத்திர திங்கேன், பிரசருக்குத் திங்கேன். மாசாமாசம் வாறதும் நின்னுபோச்சு. அவியளுக்கு நாப்பத்தாறு வயசுலயே நின்னுட்டு. நான்தான் நிக்காம இவ்வளவு தூரம் வந்துட்டேன். அவிய கூடக் கெடந்தவ இவ இல்ல."

தலைவர் மெல்லக் கேட்டார். "அப்போ இன்னும் என்னம்மா செய்யணும்?"

"அவியள மட்டும் போடச் சொல்லுங்க. தனியா."

இன்ஜினியர் மாற்றினான். வடிகட்டிய வாசம், அவள் யாரோ என்று சொன்ன அதே வாசம். இந்த முறை அக்கா கண்ணை மூடவில்லை. ஆளை நேருக்கு நேர் பார்க்கிறவள் போலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"ஐயா, இத நான் மோந்திருக்கேன்."

"எப்போம்மா?"

"ஒரே ஒரு நா. தாலி கெட்டக் குனிஞ்சாவள்லா, அப்போ. மால வாசத்துக்கு உள்ளேருந்து இது வந்துச்சு. பயந்துபோனேன், இவரு கூடவா இனிமேன்னு. மறுநாளே மாற ஆரம்பிச்சிட்டு, அதுக்குப் பொறவு இந்த வாசம் வரவே இல்ல. ஏன்னு இப்பத்தான் தெரியுது. அன்னைக்கு நான் இன்னும் அவிய மேல ஒட்டல."

கம்பெனி வக்கீல் சிவசைலம், நாற்பது வருட அனுபவம், கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ இதுவே போதுமாம்மா உங்களுக்கு?" என்றார் தலைவர்.

அக்கா தலையசைத்தாள், இல்லை என்று. "இவியளுக்கு என்னைத் தெரியாதே ஐயா" என்றாள். "என்னைத் தெரிஞ்சவரல்லா எனக்கு வேணும்."

தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. பொருள் விளம்பரத்தில் சொன்னபடியே இருந்தாலும், வாங்கியவரின் சம்மதமில்லாமல் மாற்றியதால் அது குறைபாடுள்ள பொருளே என்று தலைவர் எழுதினார். இனி உரியவரைக் கேட்காமல் எந்தப் பெட்டியையும் மாற்றக் கூடாது என்றார். நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார். முப்பத்திரண்டு பக்கம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்க வேண்டிய தீர்ப்பு. பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்ற வரி மட்டும் அதில் இல்லை. சங்கத்தில் மறுபடி பொன்னாடைக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தீர்ப்பின் நகல் கைக்கு வர இரண்டு மாதமாயிற்று; வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தையாபுரத்தில் அக்கா வீட்டுக்கு அதைக் கொடுக்கப் போனேன். அவள் அதை வாங்கிப் படிக்காமல் அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டு, "வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், கொடியில் ஒரு நீல நிற முழுக்கைச் சட்டை தொங்கியது. புதுசு, காலர் இன்னும் விறைப்பாக இருந்தது. சட்டையின் மார்பு, பெட்டியின் ஊதுவாயை அப்படியே மூடியிருந்தது.

"ராத்திரி பூரா இப்பிடி விட்டுருவேன். அவிய போட்டுக்கிட்டுப் படுத்த மாதிரி. காலைல எடுத்து நான் போட்டுட்டு அளத்துக்குப் போவேன். சாயந்தரம் வந்து கழட்டி மறுபடி அவியள்ட்ட குடுத்துருவேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, அதான் பகல்லயும். தொவைக்கிறதே இல்ல."

"அந்தப் பழைய வாசம் வந்துட்டாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க? இன்னும் ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் இருக்கோம். அப்பவும் ஒடனேயா வந்துச்சு? நாளாவும். ஆனா பழசு மாதிரி வராது, அது எனக்குத் தெரியும். அவியளும் இந்தக் கெழவியும் சேந்தா எப்பிடி இருக்குமோ அப்பிடித்தான் வரும். வரட்டும். முந்தாநேத்து ரெண்டு வாய் கூடத் தின்னேன்."

நான் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. உள்ளே மோட்டார் லேசாக முனகியது. அந்த உத்தரவாத அட்டையின் ஒவ்வொரு வரியையும் ஆறு மாதம் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். பதினான்காவது நிபந்தனை: ஊதுவாயைத் துணியாலோ பிற பொருளாலோ மூடி இயக்கினால் இந்த உத்தரவாதம் முற்றிலும் ரத்தாகும்.

"வக்கீலம்மா, இதுக்கு வாரண்டி இன்னும் ஒரு வருசம் இருக்குல்லா?"

"இருக்கு."

"நடுவுல நின்னுட்டாலும் வேற மாத்திக் குடுத்துருவாவள்லா? அதுக்குள்ள நான் ஒட்டிருவேன்."

பொய் வாக்குறுதி கொடுத்தவர்களை இருபத்திரண்டு வருடமாகக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். ஒருவனையும் விட்டதில்லை.

"கண்டிப்பாக் குடுத்துருவாங்கக்கா" என்றேன்.

அவள் சட்டையைப் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துவிட்டாள்.